பெட்டி மேல் பழி

“ஈசிஎம் போச்சு சார்.”

மெக்கானிக் வாயிலிருந்து இந்த வார்த்தை விழுந்துவிட்டால் எதிர்க்கேள்வி கேட்க நமக்கு நாக்கு எழாது. பிளக் போச்சு என்றால் கழற்றிக் காட்டச் சொல்லலாம். பெட்ரோல் பம்ப் என்றால் பின்சீட்டில் காதை வைத்து அது முனகுகிறதா என்று கேட்கலாம். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசிஎம் என்பதோ சாப்பாட்டு டப்பா அளவிலான ஓர் அலுமினியப் பெட்டி. ஒரு பக்கம் வரிசை வரிசையாக ஊசிகள், அவற்றில் செருகிய தடித்த ஒயர்க் கொத்து. திறந்தாலும் நமக்கு விளங்காது, திறக்காவிட்டாலும் விளங்காது. அதனால்தான் காரணம் பிடிபடாத எந்தக் கோளாறாக இருந்தாலும் கடைசியில் பழி அதன் தலையில் விழுகிறது.

என் வண்டி 2003-ல் பதிவான சிறிய பெட்ரோல் கார். 2019 கோடையில் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் சமர்த்தாகக் கிளம்பும். மதுரையிலிருந்து புறப்பட்டு மேலூர் நெருங்கும்போது, யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் இன்ஜின் நின்றுவிடும். திணறல் இல்லை, உதறல் இல்லை. இருபது நிமிடம் மரநிழலில் நிறுத்திவைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். வண்டி நின்றுபோயிருந்த நேரமாகப் பார்த்து ஸ்கேனரைச் செருகினார்கள். தொடர்பே கிடைக்கவில்லை. தீர்ப்பு எழுதிவிட்டார்கள். புது ஈசிஎம்முக்கு அவர்கள் சொன்ன விலை, அந்த வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல்.

தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருப்பதாக நண்பர் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “சோறு போகுதான்னு பாக்காமயே வயித்த அறுக்கச் சொல்றாங்க” என்றார். அடுத்த இரண்டரை வருடத்தில் இந்தப் பெட்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அவர் கடையில், பாதி புத்தகங்களில். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்ந்தன: கணக்குப் போடும் சில்லு கெடுவது மிக அபூர்வம். கெடுவதெல்லாம் ஓரங்களில், அந்தப் பெட்டி வெளியுலகத்தைத் தொடும் இடங்களில்.

முதலில், இது ஏன் வண்டிக்குள் வந்தது என்று பார்த்துவிடலாம். பலர் நினைப்பதுபோல் வேகத்துக்காகவோ மைலேஜுக்காகவோ அல்ல. புகைக்காக. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கண்ணெரிச்சல் மூட்டத்துக்கு மூலப்பொருள் கார்ப்புகையும் வெயிலும்தான் என்று 1950-களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். 1970-ல் அமெரிக்கா கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம், கார்ப்புகையின் முக்கிய நச்சுகளை 90 விழுக்காடு குறைக்கச் சொன்னது. அதற்கு வழி, சைலன்சருக்கு முன்னால் பொருத்தும் வினையூக்கி மாற்றி. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் அது சுத்தம் செய்யும். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தை ஒட்டியே இன்ஜின் ஓட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மூன்றில் ஒன்று தப்பிவிடும்.

கார்புரேட்டரால் இது முடியாத காரியம். அது காற்றோட்டத்தின் உறிஞ்சலை நம்பி வாழும் பொருள். மலையேறினால் ஒரு கலவை, மழை பெய்தால் ஒரு கலவை. 1967-ல் போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் தெளிப்பு ஃபோக்ஸ்வேகன் 1600-ல் வந்தது. 1976-ல் வால்வோ, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து பார்க்கும் சென்சாரைப் பொருத்தியது. 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ-யில் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே டிஜிட்டல் பெட்டி ஆளத் தொடங்கியது. 1981-க்குள் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்கள் அனைத்திலும் கம்ப்யூட்டர் ஏறிவிட்டது.

நம் ஊருக்கு அது வர இன்னும் இருபது வருடம் பிடித்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவில் கார்புரேட்டரே கிடையாது. மின்னணுத் தெளிப்பைக் குறிக்கும் எம்பிஎஃப்ஐ என்ற நான்கெழுத்தைக் காரின் முதுகில் பெருமையாக ஒட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ புகைத்தரத்தைக் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரலில் அதன் முதல் படி நாடு முழுவதற்கும் வந்தது. திருப்புளியைக் காதோடு சேர்த்து வைத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிய ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு முன்னால், திருகே இல்லாத ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பது என் ஊகம். “ஈசிஎம் போச்சு” என்ற குரலில் அதன் சாயல் கேட்கிறது.

அந்தப் பெட்டியின் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் என்றால் நொடிக்கு 100 தீப்பொறி. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. தண்டு ஒரு டிகிரி திரும்ப எடுக்கும் நேரம் ஏறத்தாழ 55 மைக்ரோநொடி. பொறி இரண்டு மூன்று டிகிரி முந்தினாலோ பிந்தினாலோ இன்ஜின் தட்டும் அல்லது சோம்பும். இத்தனை துல்லியத்துக்கு ஈசிஎம் நம்பியிருப்பது ஒரு பல்சக்கரத்தை. பல வண்டிகளில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 தான் இருக்கும். இரண்டு பல் இல்லாத அந்த இடைவெளி கடந்து போகும்போதெல்லாம் ‘இது தொடக்கம்’ என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. பொக்கைப் பல்லை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்வதைப் போல.

பிறகு, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, தண்ணீர் எத்தனை சூடு, கால் எவ்வளவு அழுத்துகிறது என்று கேட்டு, நினைவில் உள்ள அட்டவணையில் கட்டத்தைத் தேடி, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை இத்தனை மில்லிநொடி திற என்று ஆணையிடும். சும்மா நின்று ஓடும்போது அது 2 முதல் 4 மில்லிநொடி. கடைசியில் ஆக்சிஜன் சென்சார் நாக்கு. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் போகும், குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும். அதைப் பார்த்துக் கொஞ்சம் குறை, கொஞ்சம் கூட்டு. அம்மா குழம்பில் உப்புப் பார்க்கிற வேலை. நாள் முழுவதும், நொடிக்கு ஓரிரு தடவை.

பழைய பெட்டிகளில் இந்த அட்டவணைகளும் கட்டளைகளும் சேர்ந்து அடங்கிய சில்லு பல நேரம் வெறும் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் ரோஜாப்பூ வணக்கம் ஒன்றுகூட அதில் கொள்ளாது.

என் வண்டிக்கு வருவோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை ஈசிஎம்மின் எர்த் ஊசியிலும் வைத்துவிட்டு, “ஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்றார். மீட்டர் 0.04 வோல்ட் காட்டியது. “எர்த் சுத்தம்.”

ஒயர் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இங்கே ஓமின் விதி தவிர வேறு மந்திரம் இல்லை. துரு ஏறிய ஓர் எர்த் முனைக்கு 0.1 ஓம் தடை இருக்கிறது என்று கொள்வோம். மீட்டரின் சொந்த ஒயருக்கே அவ்வளவு தடை இருக்கும். ஆகவே அது பீப் என்று சந்தோஷமாகக் கத்தும். ஆனால் வண்டி ஓடும்போது காயில், இன்ஜெக்டர், சென்சார் சூடாக்கி எல்லாம் சேர்ந்து ஒரே கணத்தில் 10 ஆம்பியர் அந்த முனை வழியாகத் திரும்ப வேண்டியிருந்தால், அங்கே 1 வோல்ட் தங்கிவிடும். பெட்டிக்குப் பூஜ்யம் என்பதே ஒரு வோல்ட் உயர்ந்துவிட்டது. மொத்தமே ஒரு வோல்ட்டுக்குள் பேசுகிற ஆக்சிஜன் சென்சாரின் எர்த் வேறிடத்தில் இருந்தால், அதன் பேச்சைப் பெட்டி எப்படிப் புரிந்துகொள்ளும்? தாறுமாறாகப் பெட்ரோல் ஊற்றும். ஸ்கேனரில் நாலைந்து கோளாறு எண்கள் வரிசை கட்டும். நாமும் ஒவ்வொரு சென்சாராக மாற்றி, கடைசியில் ஈசிஎம்மையும் மாற்றி, அப்படியும் தீராமல் வண்டியை விற்றுவிடுவோம். வாங்கியவர் பத்து ரூபாய் உப்புத்தாளில் எர்த் முனையைத் தேய்த்து ஓட்டிக்கொண்டு போவார்.

இன்னொரு பொய்ச்சாவும் உண்டு. பல சென்சார்களுக்கு ஈசிஎம் ஒரே 5 வோல்ட்டைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட்டே சரிந்து, பெட்டி செத்ததுபோல் கிடக்கும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், குற்றவாளியைக் கழற்றும் கணத்தில் கண் விழிக்கும்.

என் வண்டியில் அதுவும் இல்லை. மதியம் நின்றுபோன நேரத்தில் சாவியைப் போட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. அந்த விளக்கு சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பெட்டி விழிக்கவே இல்லை. ஆனால் ஊசியில் 12.3 வோல்ட் வந்து நிற்கிறது. சோறு வாசல்வரை வருகிறது, உள்ளே போகவில்லை. இப்போதுதான் அண்ணன் பெட்டியைக் கழற்றி, ஒயரோடு வெளியே தொங்கவிட்டு, வீட்டிலிருந்து எடுத்துவந்த தலைமுடி காயவைக்கும் ஹேர் டிரையரை அதன் முதுகில் பிடித்தார். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் நின்றது. பக்கத்து ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ்கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி மேலே வைத்தார். சற்று நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. மறுபடி சூடு, மறுபடி ஐஸ். மூன்று தடவையும் அதே பதில். இதைவிட நேர்த்தியான ஒரு சோதனையை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் நான் பார்த்ததில்லை.

மூடியைத் திறந்து, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை என்னிடம் கொடுத்தார். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் கனமான ஒரு சுருள். அதன் காலைச் சுற்றி, சோல்டர் மேட்டில், தலைமுடி அளவுக்கு ஒரு கரிய வளையம். விரிசல். சூடு ஏறினால் விலகும், ஆறினால் ஒட்டும். மதுரை மேலூர் விவகாரம் மொத்தமும் அந்த வளையத்துக்குள் இருந்தது.

இது ஏன் நேர்கிறது? செம்பு, கண்ணாடி நார்ப் பலகை, உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லாம் சூட்டில் ஒவ்வோர் அளவு விரிகின்றன. இழுபறி முழுவதையும் தாங்குவது நடுவில் இருக்கும் சோல்டர். அது கெட்டியான உலோகம் என்று நாம் நினைக்கிறோம். பழைய ஈய வெள்ளீயக் கலவை 183 டிகிரியில் உருகும். தனிப்பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 456. நம் ஊர்ச் சாதாரண வெப்பம் 308. அதாவது எந்நேரமும் தன் உருகுநிலையின் மூன்றில் இரண்டு பங்குச் சூட்டில்தான் அது வாழ்கிறது. இரும்பை அதே பங்குக்குக் காய்ச்சினால் 900 டிகிரியைத் தாண்டி, கொல்லன் உலையில் இருப்பதுபோல் தகதகவென்று இருக்கும். சோல்டரின் அன்றாடமே அதுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போல மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை சூடேறி ஆறியது என்றால் 16 வருடத்தில் 11,000 தடவைக்கு மேல். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே சங்கதி.

அண்ணன் பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். கூலி 600 ரூபாய்.

அவர் மேசையில் வேறு பெட்டிகளும் கிடந்தன. ஒன்றை முகரச் சொன்னார். கருவாட்டு வாடை. 1990-ஐ ஒட்டிய ஜப்பானியப் பெட்டிகளின் தனி வியாதி அது. மின்சாரத்தைத் தேக்கிச் சமன்செய்யும் கெபாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கும். அக்காலத்தில் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்திய அம்மோனிய உப்பு வகைத் திரவம் ரப்பர் அடைப்பை அரித்துக் கசிந்து, செம்புத் தடங்களையே தின்றுவிட்டது. சிதைந்தால் அமீன் வாடை வரும், கருவாட்டிலும் அமீன்தான். கசியாவிட்டாலும் கெபாசிட்டர் காய்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று முத்திரை குத்தியது, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். வண்டி ஓடாதபோதும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை.

அதைவிடப் பழையவற்றில் நினைவுச் சில்லின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 1971-ல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த ஈப்ராம் அது. காப்புப் பொருளுக்குள் சிறைபிடித்த எலெக்ட்ரான்கள்தான் அதன் ஞாபகம். புறஊதாக் கதிர் பட்டால் அவை தப்பிவிடும். ஸ்டிக்கரைக் கிழித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வெயிலில் ஆசையாகப் பார்க்கக் கூடாத பொருள்.

என் பெட்டி 2021 நவம்பர்வரை ஒழுங்காக உழைத்தது. அந்த மாத மழையில் வேறு ஓரம் போயிற்று. வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்துவது என் வழக்கம். வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் ஓட்டைகள் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. வேப்பிலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் காற்றுத் துவாரம் வழியே இடதுபக்கக் கால்வைக்கும் இடத்தில் இறங்கியிருக்கிறது. ஒயர்க் கொத்து விளக்குத் திரிபோல ஈரத்தை உறிஞ்சி, நேராகப் பெட்டியின் வாயில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

தண்ணீர் தனியாக வந்தால் பெட்டி பிழைத்துவிடும். காயவைத்துத் துடைத்தால் போதும். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து. சாவி அணைந்திருந்தாலும் ஓரிரு ஊசிகளில் 12 வோல்ட் எப்போதும் நிற்கும். பக்கத்து ஊசி எர்த். நடுவில் ஈரம். பள்ளிக்கூடத்தில் செம்பு முலாம் பூசும் பரிசோதனை செய்தோமே, அதே ஏற்பாடு. நேர்முனைச் செம்பு கரைந்து, பச்சைக் களிம்பாக நடுவில் படிகிறது. என் வண்டி ஒன்பது நாள் அப்படி நின்றிருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் போல் வண்டி முங்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது பேட்டரியைக் கழற்றுவது. ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்புவதுதான் கடைசி ஆணி.

அண்ணன் திறந்து பார்த்துவிட்டு மூடினார். போர்டு பல அடுக்காக இருக்கும். உள்ளடுக்குத் தடம் தின்னப்பட்டால் வெளியிலிருந்து ஒட்டுப்போட முடியாது. “இப்ப மாத்தணும் சார். இப்பதான் மாத்தணும்.”

புதுசு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சென்னைப் புதுப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த ஆள், உடைத்துப்போட்ட வண்டியிலிருந்து எடுத்த பெட்டியைப் பில்லோடு அனுப்பிவைத்தார். ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டோம். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், செருகியும் பொருந்தும். ஆனால் ஏசி இல்லாத மாடல், வேறு புகைத்தரம், வேறு இன்ஜெக்டர் என்று உள்ளிருக்கும் அட்டவணை மாறும். கடைசி ஓர் எழுத்து தப்பினால் வண்டி ஓடும், ஆனால் இரவல் கண்ணாடி போட்டவர் நடப்பதுபோல் ஓடும்.

வந்த பெட்டியை உடனே செருகவில்லை. முதலில் இக்னிஷன் காயிலை அளந்தார். பிறகு, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது காற்றை அளந்துவிடும் ஐடில் மோட்டார். அதன் இரண்டு சுருள்களும் 50 ஓமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று 52, மற்றொன்று 19. அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ஈசிஎம்முக்குள் இன்ஜெக்டர், காயில், மோட்டார் இவற்றை இயக்க ‘டிரைவர்’ எனப்படும் டிரான்சிஸ்டர்கள் உண்டு. மூளையின் சொல்லைக் கேட்டு, வெளியே உள்ள சுருளின் மின்சாரத்தைப் பிடித்து நிறுத்துவதும் விடுவதும் அவற்றின் வேலை. சுருள் ஷார்ட் ஆகித் தடை குறைந்தால் மின்னோட்டம் பல மடங்கு ஏறி, டிரான்சிஸ்டர் வெந்துவிடும். பெட்டி செத்ததாகச் சொல்லிப் புதியது போடுவார்கள். பழைய சுருள் அங்கேயே காத்திருக்கும், அதுவும் வேகும். மோட்டாரை மாற்றிய பிறகே பெட்டியைச் செருகினார்.

ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் பிடித்தது. இரண்டு நொடி ஓடி, நின்றது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட ஒரு விளக்கு கண்ணடித்தது.

வண்டி என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித்துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பி வளையம் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை வீச, அந்த அலையிலேயே உயிர் பெற்று, சில்லு தன் எண்ணைச் சொல்லும். எண் சரியென்றால்தான் ஈசிஎம் பெட்ரோலைத் தெளிக்கும். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 1990-களிலேயே புதுக் கார்களுக்குக் கட்டாயமான ஏற்பாடு. நம் ஊர்க் கார்களிலும் மெல்லப் பரவியது. உடைக்க முடியாத பூட்டு அல்ல. அப்படிப்பட்ட பிரபலமான சில்லு ஒன்றின் 40 பிட் ரகசியத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் 2005-லேயே உடைத்துக் காட்டினார்கள். ஆனால் மதுரைச் சந்தில் நிற்கும் நேர்மையான சொந்தக்காரரை நிறுத்திவைக்க அது தாராளமாகப் போதும். புதுப்பேட்டைப் பெட்டி, எங்கோ தகரமாகிப்போன வேறொரு காரின் சாவிக்கு விசுவாசமாக இருந்தது.

புது ஈசிஎம் வாங்கினால் கம்பெனி ஸ்கேனர் வைத்து, ரகசிய எண் போட்டு, சாவியை அறிமுகப்படுத்துவார்கள். பழையதற்கு அண்ணனின் வழி வேறு. இரண்டு பெட்டியையும் அருகருகே திறந்துவைத்தார். பெரிய பிராசசருக்குப் பக்கத்தில், எட்டுக் கால் பூச்சி போல், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சில்லு. ஈஈப்ராம். மின்சாரம் போனாலும் மறக்கக் கூடாத கொஞ்ச விஷயங்கள், சாவியின் அடையாளம் உட்பட, அதில்தான் இருந்தன. வெந்நீர் ஊற்றுவதுபோல் சூடான காற்றை ஊதி, பச்சை பிடித்த என் போர்டிலிருந்து அதை எடுத்து, ஆல்கஹாலில் கழுவி, புதுப் போர்டில் அதே இடத்தில் உட்காரவைத்தார். எல்லா வண்டியிலும் இது செல்லாது. பல வண்டிகளில் அந்த ரகசியம் பிராசசருக்குள்ளேயே இருக்கும்; சில்லைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் வைத்துப் படித்து நகலெடுக்க வேண்டும். இதே வித்தை கார் திருடர்களுக்கும் தெரியும் என்பதால்தான் அவர் ஆர்சி புத்தகத்தைப் பார்க்காமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

பெட்டியே கிடைக்காத பழைய வண்டிக்காரர்களும் உலகத்தில் உண்டு. அவர்களில் கைத்திறன் உள்ளவர்கள் மெகாஸ்குவிர்ட், ஸ்பீடுயினோ என்ற பெயர்களில் பாகம் பாகமாகக் கிடைக்கும் ஈசிஎம்மைத் தாங்களே சோல்டர் செய்து, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் கையால் நிரப்புகிறார்கள். படித்துப் பார்த்ததில் எனக்கும் ஆசை வந்தது. வண்டியை ஓட்டவேண்டிய அவசியம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்து அணைந்தது. இன்ஜின் ஓடியது, ஆனால் ஒரு நிலையில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக, சளி பிடித்தவர் மூச்சு விடுவதைப் போல. அண்ணன் பதறவில்லை. ஒவ்வொரு இன்ஜினும் தேய்ந்த விதம் வேறு. அட்டவணை சொல்வதைவிட எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைப் பெட்டி ஓடி ஓடித்தான் கற்றுக்கொள்ளும். முதல் நாள் சிக்னலில் இருமுறை அணைந்தது. நான்காம் நாள், பழைய வண்டியா என்று கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிட்டது. அவர் சொன்னபடி நான் செய்த ஒரே காரியம், அந்த வாரம் பேட்டரியைக் கழற்றாமல் இருந்ததுதான். கழற்றினால் கற்றதை மறந்துவிடும்.

கணக்கு முடிக்கப் போனபோது, பழைய பெட்டியை ஞாபகத்துக்கு வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். அண்ணன் கொடுக்கத் தயங்கினார். கூலியில் 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“எதுக்குண்ணே, அதான் செத்துப்போச்சே?”

“போர்டுதான் சார் போச்சு. இன்ஜெக்டர் டிரைவர் நாலும் நல்லா இருக்கு, பிராசசர் நல்லா இருக்கு.” மேசையில் மூடி திறந்து கிடந்த இன்னொரு பெட்டியைக் காட்டினார். “திண்டுக்கல் வண்டி. இன்ஜெக்டர் ஷார்ட்டாகி இதுல டிரைவர் வெந்துருச்சு. உங்களுது இதுக்கு ஆகும்.”

விட்டுவிட்டு வந்தேன். நான் சந்து திரும்புவதற்குள் சூடான காற்று ஊதும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.